நாணயத்தில் யாருடைய உருவம்?

2025 அக்டோபர் 1 அன்று ஆர்.எஸ்.எஸ். இயக்கத்தின் நூற்றாண்டையொட்டி 100 ரூபாய் நினைவு நாணயம் ஒன்றைப் பிரதமர் நரேந்திர மோடி புதுதில்லியில் வெளியிட்டார். அதில் சிங்கத்துடன் பாரத மாதா, அவர்முன் வணங்கி நிற்கும் தொண்டர்கள். பாரத மாதா நம் நாணயத்தில் இடம்பெறுவது இதுவே முதல்முறை என்று அவரே கூறினார். எதிர்ப்பும் எழுந்தது. நாம் இதை எப்படிப் பார்ப்பது?

செய்தித்தாள் இல்லாத காலத்தில் உரோமைப் பேரரசர்களின் குரல் நாணயம் வழியாகவே ஊர் ஊராகச் சென்றது. வரி கொடுப்பது முறையா என்று கேட்டவர்கள் இயேசுவிடம் காட்டிய தெனாரியம் பேரரசர் திபேரியுவினுடையது என்பது அறிஞர் பலரின் கருத்து. அதன் ஒரு பக்கத்தில் அவர் தெய்வமான அகுஸ்துவின் மகன். மறுபக்கத்தில் தலைமைக் குரு. யூதருக்கு அந்தச் சொற்களே கட்டளை மீறல். கி.பி. 70இல் எருசலேம் வீழ்ந்தபின் வெஸ்பாசியான் வெளியிட்ட காசில், பேரீச்சை மரத்தடியில் ஒரு பெண் துயருற்று அமர்ந்திருக்கிறாள். அவள்தான் யூதேயா. தோற்றவர் கையிலேயே தோல்வியை அச்சிட்டுக் கொடுத்தார்கள்!

அதே திபேரியுவின் காசுகள் வணிகத்தோடு தமிழகத்துக்கும் வந்தன. 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 உரோமைப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில், பேரரசரின் முகத்தின்மேல் உளி வெட்டு இருக்கிறது. அவை மீண்டும் புழங்காதிருக்கவே வெட்டினார்கள் என்பர் ஆய்வாளர். நம் முன்னோர் பார்த்தது பொன்னின் எடையை; பேரரசரின் தெய்வீகத்தை அல்ல.

நம் கும்மிடிப்பூண்டி சிப்காட் பகுதியிலும் கதை அதுதான். அரசே அச்சிட்ட 10 ரூபாய் நாணயத்தைக் கடைக்காரர் செல்லாது என்று திருப்பித் தருவார். வடமாநிலத் தொழிலாளி விழித்துக்கொண்டு நிற்பார். 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவித்தும் வதந்தி எளிதில் ஓயவில்லை. மக்கள் நம்பினால்தான் முத்திரைக்கு மதிப்பு.

சந்தேகத்தின் வலி நமக்குப் புதிதல்ல. 2006 வாக்கில் புழக்கத்துக்கு வந்த 2 ரூபாய் நாணயத்தில் குறுக்குக் கோடுகளும் நான்கு புள்ளிகளும் இருந்தன. வேற்றுமையில் ஒற்றுமையைக் காட்டும் அந்தச் சின்னத்தைச் சிலுவை என்றும், கிறிஸ்தவச் சதி என்றும் சிலர் தூற்றினர். 2007இல் விரல் முத்திரை வடிவம் வந்தது. மறுபுறம், 2009இல் புனித அல்போன்சா உருவம் பொறித்த 5 ரூபாய் நாணயம் வந்தபோது நம் மக்கள் மகிழ்ந்தார்கள். பின்னர் வைஷ்ணவ தேவியின் உருவத்தோடும் நாணயம் வந்தது. அதை நாம் குறைசொல்ல முடியுமா?

ஆகவே பாரத மாதாவின் உருவம் நமக்குச் சிக்கல் அல்ல. யார் இந்நாட்டினர் என்பதில் தனக்கென ஒரு கொள்கை கொண்ட இயக்கத்துக்கு, எல்லாருக்கும் பொதுவான அரசு முத்திரையைக் கொடுத்ததே சிக்கல். அந்த 100 ரூபாய் புழக்கத்துக்கு வராது, சேகரிப்போருக்கே என்பது உண்மைதான். ஆனால் 2011 நாணயச் சட்டப்படி எந்த வடிவத்தையும் மத்திய அரசே முடிவு செய்கிறது. வெளியிடுமுன் மக்கள் கருத்தைக் கேட்கும் முறை வேண்டுமென்று நம் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினருக்கு நம் பங்குகளிலிருந்து எழுதலாம்.