பாதுகாப்பு நூலை எழுதத் தக்கார் யார்?

எழுத்தறிந்தவன் எழுதுவதெல்லாம் பிறர்க்குப் பயன்படும் நூலாகிவிடும் என்னும் மயக்கம் எனக்கும் ஒரு காலத்தில் இருந்தது. அம்மயக்கத்தைத் தீர்த்து வைத்தவர் பண்டிதர் எவருமல்லர். பசறைப் பகுதித் தோட்டமொன்றிலே நாற்பது ஆண்டு கொழுந்தெடுத்த அம்மையார் ஒருவர். அவர் கேட்ட ஒரு கேள்விக்கு என்னிடம் அன்று விடை இருக்கவில்லை. அக்கேள்வியைத் தமிழாசிரியர் முன்னும் மாணவர் முன்னும் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு தோட்ட நிருவாகத்தினர் என்னை நாடி வந்தனர். தொழிலாளர்க்கு நடத்தும் பாதுகாப்புப் பயிற்சிக்கென்று ஆங்கிலத்தில் ஒரு கைந்நூல் அவர்களிடம் இருந்தது. அது கொழும்பிலே, தேயிலை மலையில் ஒரு நாளும் நின்றறியாத ஒருவரால் எழுதப்பட்டது. நாட்டின் சட்டத்துக்கும், தேயிலை வாங்கும் அயல்நாட்டார் கேட்கும் சான்றிதழுக்கும் அப்பயிற்சி வேண்டியிருந்தது. அதனைத் தமிழாக்கித் தருமாறு கேட்டனர். யான் மகிழ்ந்து இசைந்தேன். இலக்கணப் பிழையின்றி, வடசொல்லும் பிறசொல்லும் குறைத்து, ஒரு மாத காலம் உழைத்து எழுதி முடித்தேன். மருந்தடிப்போர் அணியும் கையுறை, முகமூடி முதலியவற்றுக்கு ‘மெய்காப்பு அணிகலன்’ என்று பெயர் சூட்டிப் பெருமிதமும் கொண்டேன்.

பெரட்டுக் களத்திலே அந்நூல் வாசிக்கப்பட்ட நாளில் யானும் சென்றிருந்தேன். அணிகலன் என்னும் சொல் வந்ததும், “நகை குடுக்கப் போறாங்களாம்” என்று ஓர் இளைஞர் அருகிலிருந்தவரிடம் சொல்லிச் சிரித்தது என் காதில் விழுந்தது. அதனைப் பொறுத்துக்கொண்டேன். அடுத்து, “குளவிகள் தென்படுமிடத்து அவ்விடத்தினின்றும் உடனே அகன்று மேற்பார்வையாளர்க்கு அறியத் தருக” என்னும் விதி வாசிக்கப்பட்டது. அப்போதுதான் அந்த அம்மையார் எழுந்தார்.

“எல்லாம் நல்லாத்தாங்க இருக்கு மாஸ்டர். குளவியக் கண்டா போயிரணும்னு எழுதியிருக்கீங்க. போயிட்டா கொழுந்து கொறையும். கொறஞ்சா அரைப்பேருதான் விழும். அந்த மிச்சப் பேர யாருங்க போடுவா? அதையும் எழுதியிருக்கீங்களா?”

களம் அமைதியாயிற்று. நிருவாகத்தினர் என்னைப் பார்த்தனர். யான் நூலைப் பார்த்தேன். நூலிலே அதற்கு ஒரு வரியும் இல்லை.

யான் லயத்திலே பிறந்தவன். என் தாயார் கொழுந்துக் கூடையின் கயிறு நெற்றியில் அழுந்திய தழும்போடு வாழ்ந்தவர். நிறுவையிலே கொழுந்து குறைந்தால் அரைநாட் கூலியே கிடைக்கும் என்பது எனக்குத் தெரியாத செய்தியன்று. தெரிந்திருந்தும் அது என் எழுத்தில் ஏறவில்லை. ஏன்? மொழிபெயர்ப்பவன் மூலத்தை நோக்கினான். மூலத்தை எழுதியவர் சட்டத்தை நோக்கினார். மலையை நோக்கியவர் எவருமிலர். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர். ஏட்டுச் சுரைக்காயால் வயிறு நிறையாது போகலாம். ஏட்டுப் பாதுகாப்பால் உயிரே போகலாம்.

ஆதலால், தொழிற்களத்துப் பாதுகாப்பு நூல்களை அத்தொழிலிலே நெடுங்காலம் பழகி, அதன் காரணகாரியங்களையும் கற்றுத் தெளிந்தவரே எழுதுதல் வேண்டும் என்பது எனது துணிபு. சட்டம் எதனைச் செய்க என்று சொல்லும். அதனைச் செய்ய முயல்பவனுக்கு எது தடை, எது இழப்பு என்பதனைப் பழகியவரே அறிவர். அவ்விழப்பை அறியாது எழுதப்படும் விதி, கீழ்ப்படிய முடியாத விதியாகவே முடியும். கையொப்பம் மட்டும் நிறைந்திருக்கும்.

குளவிக் கொட்டையே இன்னும் சற்று ஆராய்வோம். தோட்டத்தார் பொதுவாகக் குளவி என்று கூறுவது சில வேளைகளில் மரக்கிளையிலும் பாறையிலும் திறந்த அடை கட்டும் பெருந்தேனீயாகவும் இருக்கும். கொட்டிய தேனீயின் கொடுக்கு தோலிலே தைத்து நின்று, நஞ்சைத் தொடர்ந்து செலுத்தும். அதனை விரைந்து அகற்றல் வேண்டும். குளவியோ கொடுக்கை விட்டுச் செல்வதில்லை. பலமுறை கொட்ட வல்லது. கொட்டுப்பட்டவர்க்கு மூச்சுத் திணறுமாயின் ஒரு கணமும் தாழ்த்தாது மருத்துவமனைக்குக் கொண்டு செல்லல் வேண்டும். இவ்வேறுபாடுகளில் ஒன்றேனும் யான் தமிழாக்கிய நூலில் இல்லை. செங்குத்தான நிரையிலே நிற்பவள் எப்பக்கம் ஓடுவது, முதுகிலுள்ள கூடையை எப்போது கழற்றுவது என்பனவும் இல்லை. எழுதியவர்க்கு அவை ஐயமாகத் தோன்றவே இல்லை. தோன்றாத ஐயத்துக்கு விடை எங்ஙனம் வரும்?

மருந்தடிப்போர் செய்தியும் இத்தகையதே. பம்பின் நுனியிலே அழுக்கு அடைத்துக்கொண்டால் அதனை வாயில் வைத்து ஊதித் திறப்பவர் உண்டு. அது கொடிய பழக்கம். ஆயின் கொழும்பிலிருந்து எழுதுபவர்க்கு அதனை விலக்க வேண்டும் என்னும் எண்ணமே எழாது. அப்படி ஒருவர் செய்வார் என்பதனை அவர் கனவிலும் கருதார். எதனை விலக்க வேண்டும் என்பதனை அறிதற்கும் பழக்கம் வேண்டும்.

இங்கே எம்போன்ற தமிழாசிரியர்க்கும் ஒரு கடமை உண்டு. களைகொல்லியையும் பூச்சிகொல்லியையும் தோட்டங்களில் ‘மருந்து’ என்றே வழங்குகின்றனர். பரகுவாற் என்னும் களைகொல்லி அதன் நச்சுத்தன்மையால் 2008 முதல் 2011 வரை இந்நாட்டில் படிப்படியாக விலக்கப்பட்டது. அதற்கும் தோட்டத்திலே மருந்தென்றே பெயர். நோய் தீர்ப்பதற்கும் உயிர் போக்குவதற்கும் ஒரே சொல் வழங்குமிடத்து, “இது நஞ்சு” என்று வெளிப்படையாக ஒரு வரி சேர்ப்பது பண்டிதன் செய்யக்கூடிய நற்பணி. அணிகலன் என்று சொல்லாக்குவது அவன் பணியன்று.

இக்கருத்துப் புதியதன்று. மானிப்பாயிலே பணியாற்றிய அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 இல் இந்நாட்டுக்கு வந்து, மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்தவர். மருத்துவ நூல்களைத் தமிழாக்கும் பணியை அவர் மருத்துவம் அறியாதாரிடம் விட்டுவிடவில்லை. நோயாளியைத் தொட்டுப் பழகிய தாமும் தம் மாணவருமாக அதனைச் செய்தார். மலையகத்திலே கோ. நடேசய்யரை நினைவுகூர்வோம். வெளியார் தோட்டத்துள் நுழைய இயலாதிருந்த காலத்தில் அவர் புடைவை வியாபாரி வேடத்தில் உட்சென்று தொழிலாளர் வாழ்வை நேரிற் கண்டார். கண்ட பின்னரே எழுதினார். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையார் தொழிலாளர் நிலையைப் பாட்டாக்கித் தோட்ட மக்கள் நடுவே பாடினார். முதலில் காட்சி, பின்னரே எழுத்து, இதுவே முறை.

உலகமும் இதனை ஒப்புக்கொண்டுள்ளது. பன்னாட்டுத் தொழில் தாபனம் 2001 இல் நிறைவேற்றிய விவசாயப் பாதுகாப்பு, சுகாதாரம் பற்றிய 184 ஆம் இலக்க உடன்படிக்கை, தொழிலாளரின் கல்வி நிலையையும் மொழி வேறுபாட்டையும் கருத்திற்கொண்டு, அவர்க்கு விளங்கும் அறிவுறுத்தல்களும் தக்க பயிற்சியும் அளிக்குமாறு கூறுகின்றது. பாதுகாப்பு நடவடிக்கைகளைப் பற்றித் தொழிலாளரிடம் அறிவிப்பதோடு அமையாது, அவர்தம் கருத்தையும் கேட்கவேண்டும் என்கின்றது. நம் நாட்டிலோ 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் உண்டு. தொழிற் பாதுகாப்புக்கும் சுகாதாரத்துக்குமான தேசிய நிறுவனத்தை அமைத்த 2009 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டமும் உண்டு. ஏடுகளுக்குக் குறைவில்லை.

ஒரு மறுப்பு எழலாம். “பழகியவர் பிழையாகவும் பழகியிருப்பாரே, பம்பை வாயால் ஊதியவரும் பழகியவர்தாமே?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. யான் வேண்டுவது வெறும் பழக்கத்தையன்று. பழக்கமும் கல்வியும் ஒருங்கே வாய்ந்தவரை. அத்தகையோர் நம்மிடையே இல்லாமலில்லை. இயந்திரத்தின் ஓசையைக் கேட்டே அதன் குறையறியும் தேயிலைத் தொழிற்சாலை உத்தியோகத்தர் உளர். கொட்டுப்பட்டோரைப் பல்லாண்டு பார்த்த தோட்ட வைத்திய உதவியாளர் உளர். கங்காணி வேலையிலிருந்து ஓய்வுபெற்றோர் உளர். கைந்நூல் எழுதப்படும்போது இவர்களை அழைப்பார்தாம் இல்லை.

ஊவா மண்ணிலே இருந்துகொண்டு இதனை எழுதும்போது ஒரு பெயரைச் சொல்லாமல் விட முடியாது. 2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆம் நாட் காலையில், கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை மண்சரிவு மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் முன்னரே எச்சரித்திருந்தது. எச்சரிக்கை பொய்யன்று, அறிவியலும் பிழையன்று. “வெளியேறுங்கள்” என்பது சொல்லப்பட்டது. எங்கே சென்று குடியிருப்பது என்பதற்கு விடை இருக்கவில்லை. லயத்தை விட்டால் வேறு கூரையில்லாதவன் எவ்விடம் போவான்? அம்மையார் குளவியைப் பற்றிக் கேட்டதும் இதே கேள்விதான். “போ” என்று சொல்பவர், போவதற்கு வழியும் போனதால் நேரும் இழப்புக்கு ஈடும் சேர்த்துச் சொல்லாவிடின், அச்சொல் பாதி விதியே. எஞ்சிய பாதியை உழைப்பவன் தன் உயிரைக் கொண்டு நிரப்ப நேர்கின்றது.

ஆகவே தோட்ட நிருவாகத்தார்க்கும் என் போன்ற மொழிபெயர்ப்பாளர்க்கும் ஒரு முறையைக் கூற விரும்புகின்றேன். முதலில், தொழிலிற் பழகித் தேர்ந்தவர் தம் வாய்மொழியாகவே தமிழிற் சொல்லட்டும். அடுத்து, சட்டமும் அறிவியலும் கற்றோர் அதிலுள்ள பிழை களையட்டும். பின்னர், தமிழறிந்தோர் தெளிவு செய்யட்டும், அழகு செய்யவேண்டா. இறுதியாக, அதனைப் பெரட்டுக் களத்தில் வாசித்துக் காட்டி, கேட்டவர் ஒருவர் தம் சொல்லாலேயே அதனைத் திருப்பிச் சொல்லுமாறு செய்யட்டும். அவர் சொல்லமாட்டாராயின் பிழை அவருடையதன்று, நூலினுடையது.

யான் அந்தக் கைந்நூலைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, குளவி பற்றிய பகுதியை அம்மையார் சொல்லச் சொல்ல எழுதினேன். ஓடும் திசையைச் சொன்னார். கூடையைக் கழற்றும் விதத்தைச் சொன்னார். ‘அணிகலனை’ அடித்துவிட்டுக் ‘கையுறை’ என்று எழுதச் சொன்னார். முடிவில், “குளவிக்கு ஒதுங்கிய நாளுக்கு முழுப்பேர் உண்டு” என்னும் வரியையும் சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன். மற்றவை யாவும் அச்சேறின. அந்த ஒரு வரி மட்டும் இன்னும் நிருவாகத்தின் ஒப்புதலுக்குக் காத்திருக்கின்றது.