மரப்பட்டையில் மழைக் கணக்கு

ஸ்காட்லாந்தில் படிக்கும் என் அண்ணன் மகள் போன வாரம் புலனத்தில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். அறுத்துப் போட்ட பைன் மரத்தின் அடிக்கட்டை. வட்டத்துக்குள் வட்டமாக வளையங்கள். அவற்றில் நூல் போல மெலிந்த ஒன்றின்மேல் விரலை வைத்துக் காட்டியிருந்தாள்.

"சித்தப்பா, அந்த வருசம் இங்க கோடையே சரியா வரலையாம். ஒரே குளிரு, மழை. மரம் வளரலை. நம்ம பால்மரத்துல இந்த மாதிரி தெரியுமா? பாட்டிகிட்ட கேட்டுச் சொல்லுங்க."

மழை பெய்தால் மரம் செழிக்கும் என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். குளிர்நாட்டு ஊசியிலை மரங்களின் கதை வேறு. அங்கே தண்ணீருக்குப் பஞ்சமில்லை, வெயிலுக்குத்தான் பஞ்சம். வருடத்தில் சில மாதங்கள்தான் அவற்றுக்கு வளரும் காலம். அந்த நேரம் பார்த்து வானம் மூடிக் குளிர்ந்து கிடந்தால், பட்டைக்கு அடியில் புது மரம் உண்டாகும் வேலை மந்தமாகிவிடும். கோடை முடிவில் சேர வேண்டிய கருத்த, கெட்டியான பகுதி வெளிறிப் போகும். இதே மழை ஒரு வறண்ட நாட்டில் பெய்திருந்தால் அந்த வருடத்து வளையம் தடித்திருக்கும். 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்தது. மறு வருடம் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் கோடை கெட்டது. மேற்கு ஐரோப்பாவில் மழை விடவே இல்லை. நம் பக்கத்து மலை வெடித்த கணக்கை அந்த ஊர் மரங்கள் இன்றும் உள்ளே வைத்திருக்கின்றன.

நம் நாட்டிலும் பைன் நட்டுப் பார்த்திருக்கிறார்கள். காகிதக் கூழுக்காக 1960களில் கரீபியன் பைனைக் கொண்டுவந்தார்கள். வருடம் முழுக்கச் சூடும் மழையும் கிடைத்ததில் சில மரங்கள் ஓய்வென்பதே இல்லாமல் மேலே மேலே போயின. கிளையே விடவில்லை. உச்சியில் ஊசியிலை மட்டும் அடர்ந்திருந்த அந்தக் கோலத்துக்கு வனத்துறையினர் வைத்த பெயர் 'நரிவால்'. நிற்காமல் வளரும் மரத்தில் வருட வளையத்தை நம்பி எண்ணவும் முடியாது.

கெடாவில் பால்மரத்துக்கு ஓய்வு உண்டு. ஜனவரியில் வெயில் காயத் தொடங்கினால் இலை பழுத்துக் கொட்டும். காடே மொட்டையாகி, பிறகு செம்பு நிறத்தில் துளிர்க்கும். வெயில் சீராகக் காய்ந்தால் எல்லா மரமும் ஒன்றாக உதிர்த்து ஒன்றாகத் துளிர்க்கும். மழைக்கு முன் இலை முற்றிவிடும். துளிர் நேரத்தில் மேகமும் தூறலும் குளிர்ந்த காலையுமாக இருந்தால் பூஞ்சணம் பிடித்து இளம் இலை மறுபடி கொட்டும். கந்தகப் பொடி தூவிய காலமெல்லாம் உண்டு. இரண்டாவது முறை துளிர்க்கும் மரம் பாலுக்கு எங்கே போகும்?

இத்தனையும் படித்துவிட்டுத்தான் அம்மாவிடம் போனேன். பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் 31 வருடம் மரம் வெட்டியவர். இப்போது சுங்கைப்பட்டாணியில் என்னோடு இருக்கிறார். படத்தைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார்.

"இதுக்கு மரத்தையே அறுக்கணுமாடா? பட்டையப் பாத்தா தெரியாதா?"

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. ஒரு வெட்டுக்குப் போகும் பட்டை ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டினால் மாதம் 15 வெட்டு. இரண்டேகால் சென்டிமீட்டர் இறங்கும். மாதக் கடைசியில் வெட்டின இடத்து ஓரத்தில் சாயப் பொட்டு வைப்பார்கள். பட்டையை வீணாக்குகிறார்களா என்று துரை பார்ப்பதற்கு வைத்த பொட்டு அது. அம்மா அதில் வேறொன்றைப் படித்திருக்கிறார். மழை மாதத்தில் ஒன்பது வெட்டுத்தான் கிடைத்தது என்றால் இரண்டு பொட்டுக்கும் நடுவே ஒன்றரை சென்டிமீட்டர்கூட இருக்காது.

பட்டை ஈரமாக இருந்தால் வெட்ட முடியாது. பால் கோட்டில் இறங்காமல் மரமெல்லாம் வழியும். வெட்டின பிறகு மழை பிடித்தால் மங்கில் இருப்பதும் தண்ணீரோடு போய்விடும். விடியுமுன் எழுந்து, விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு, தகரக் கூரையில் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்தபடி அம்மா நின்றது எனக்கு நினைவிருக்கிறது. புல்வெட்டோ வேறு வேலையோ கொடுத்தால் உண்டு. இல்லையென்றால் அன்றைக்குப் பெயர் விழாது. மாதச் சம்பளம் வேண்டும் என்று தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் வருடக்கணக்கில் கேட்டதற்குப் பின்னால் இந்த மழையும் இருக்கிறது.

கெடாவில் மழை கனக்கும் மாதங்கள் செப்டம்பர், அக்டோபர். தீபாவளி அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வரும்.

"நீ நாலாம் வகுப்பு படிச்சப்ப ஒரு தீவாளி" என்றார் அம்மா. "பொட்டுக்கும் பொட்டுக்கும் நடுவுல என் சுண்டுவிரல்தான் நொழைஞ்சுது. அண்ணனுக்கு மட்டும் சட்டை எடுத்தோம். உனக்கு அவனோட பழசு. ஞாபகம் இருக்கா?"

சட்டை நினைவிருக்கிறது. நீலக் கட்டம். அண்ணன் பெரியவன் என்பதால்தான் அவனுக்குப் புதுசு என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

அம்மா வெட்டிய மரம் ஒன்றுகூட இப்போது இல்லை. அந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. இருந்திருந்தாலும் ஏழெட்டு வருடத்தில் பட்டை திரும்ப வளர்ந்து அந்த வடுவை மூடியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஒரு நண்பரின் கித்தா காட்டுக்கு அம்மாவைக் கூட்டிப் போனேன். இரண்டு பொட்டுகளுக்கு நடுவே விரலை வைத்து, "இது மழ மாசம்" என்றார். படம் எடுத்து ஸ்காட்லாந்துக்கு அனுப்பினேன்.

"பாட்டியோட விரல் எவ்வளவு அகலம்னு அளந்து அனுப்புங்க சித்தப்பா" என்று பதில் வந்திருக்கிறது.