நான்கு உள்ளங்கை அகலம்

போன மாதம் டயர் கடையில் வண்டியை ஜாக்கியில் ஏற்றிவிட்டு அந்தத் தம்பி கேட்டார்: "புதுசு ரெண்டையும் முன்னாடியே மாட்டிடலாங்களா சார்?" நான்கையும் ஒரே நேரத்தில் மாற்ற அன்று கையில் பணமில்லை. "பின்னாடி போடுங்க தம்பி" என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "வண்டியை இழுக்குறது முன்வீல், திரும்புறது முன்வீல், பிரேக் அடிச்சா பாரம் எறங்குறதும் முன்னாடிதான். புது டயரைக் கொண்டுபோய்ப் பின்னாடி போட்டா எப்படிங்க?"

நியாயமான கேள்வி. பதில் சொல்ல வாயெடுத்தபோதுதான், சக்கரத்தின் பிடிப்பைப் பற்றி மனிதர்கள் அறிந்துகொண்டதெல்லாம் எவ்வளவு அண்மைக்காலத்துச் சரக்கு என்று உறைத்தது.

சக்கரம் ஐயாயிரம் ஆண்டுப் பழசு. அந்தக் காலத்தில் பெரும்பகுதி, தரையைப் பிடிக்க வேண்டிய வேலையே அதற்கு இருந்ததில்லை. மாட்டு வண்டியை நினைத்துப் பாருங்கள். இழுப்பது மாடு, தரையில் ஊன்றி நிற்பது அதன் குளம்பு. சக்கரம் பின்னால் உருண்டு வந்தால் போதும். மேட்டில் வண்டி நழுவினால் கல்லை முட்டுக் கொடுப்பார்கள். சேற்றில் வழுக்கினால் மாட்டின் காலைத்தான் பார்ப்பார்கள். சக்கரத்தைச் சுற்றி அடித்த இரும்புப் பட்டை மரம் தேயாமல் இருப்பதற்கு.

காற்றடைத்த டயரும் பிடிப்புக்காகப் பிறந்ததல்ல. 1845இல் ஸ்காட்லாந்துக்காரரான ராபர்ட் வில்லியம் தாம்சன் அதற்குக் காப்புரிமை பெற்றபோதும், 1888இல் பெல்ஃபாஸ்டில் ஜான் பாய்ட் டன்லப் தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காக அதை மறுபடி உருவாக்கியபோதும், வேண்டியிருந்தது குலுங்காத, இலேசான ஓட்டம். டன்லப் தொழிலால் கால்நடை மருத்துவர். குளம்புகளைப் பார்த்துப் பிழைத்த ஒருவரின் கையிலிருந்துதான் குளம்பின் வேலையை ஏற்கப்போகும் பொருள் வந்தது என்பது எனக்குத் தீராத வியப்பு.

மோட்டார் வந்து குதிரை விலகியதும் நிலைமை தலைகீழானது. பின்தொடர்ந்து வந்த சக்கரம் இனி இழுக்க வேண்டும், திருப்ப வேண்டும், நிறுத்தவும் வேண்டும். அத்தனையும் தரையைத் தொடும் நான்கு இடங்களில் நடக்க வேண்டும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அகலம். அன்றைய லண்டன் தெருக்கள் பலவற்றில் மரக்கட்டை பதித்திருந்தார்கள். தூறல் விழுந்தால் குதிரைச் சாணமும் அழுக்கும் குழைந்து தெரு முழுக்க வழுவழுப்பாகிவிடும். டயரோ மொழுமொழுவென்று இருந்தது. வண்டி பக்கவாட்டில் சறுக்கிப் போவதுதான் அக்கால ஓட்டுநரின் பெரிய பயம்.

அந்தப் பயத்திலிருந்து என்னென்னவோ பிறந்தன. நியூயார்க் மாநிலத்தில் சேற்றுப் பாதையில் ஓட்டுபவர்கள் டயரைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். அதைப் பார்த்த ஹாரி வீட் கயிற்றுக்குப் பதிலாகச் சங்கிலி செய்து 1904இல் காப்புரிமை வாங்கினார். அடுத்த ஆண்டே மிஷலின் நிறுவனம் தோலில் இரும்பு ஆணி பதித்த டயரைக் கொண்டுவந்தது. 1908இல் ஃபயர்ஸ்டோன், 'நான் ஸ்கிட்' என்ற சொற்களையும் தன் பெயரையும் எழுத்தெழுத்தாகச் சாய்த்து, அந்த எழுத்துகளையே பட்டன்களாக வார்த்தது. வழுக்காது என்ற வாக்குறுதி போன தடமெல்லாம் பதிந்தது. ரப்பர் பரப்பில் மெல்லிய கீறல்கள் இட்டால் ஈரத்தில் பிடி கூடும் என்று 1923இல் காப்புரிமை பெற்றவர் ஜான் சைப். இன்று புது டயரின் பட்டன்களில் தெரியும் மயிரிழைக் கீறல்களுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

இவர்கள் எல்லோரும் தரையைக் கவ்வும் வழியைத் தேடினார்கள். தண்ணீரை எங்கே அனுப்புவது என்ற கேள்வி மெல்லத்தான் தெளிந்தது. ஈரச் சாலையில் ரப்பருக்கும் தாருக்கும் நடுவே ஒரு நீர்ப்படலம் இருக்கிறது. அது விலகினால்தான் ரப்பர் தரையைத் தொடும். விலக நேரம் வேண்டும். வேகம் கூடக்கூட அந்த நேரம் குறைகிறது. 1960களில் நாசாவின் லாங்லி ஆய்வுக்கூடத்தில் வால்டர் ஹார்னும் அவருடைய குழுவினரும் விமானச் சக்கரங்களை நீர் நின்ற தளத்தில் ஓடவிட்டு இதை அளந்தார்கள். ஒரு கட்டத்துக்கு மேல் சக்கரம் தரையைவிட்டு முழுதாக எழும்பி நீரின்மேல் மிதக்கிறது. சில சமயம் சுழல்வதையே நிறுத்திவிடுகிறது. அந்த வேகத்தைத் தீர்மானிப்பதில் முதன்மையானது டயரின் காற்றழுத்தம் என்றும் கண்டார்கள். அவர்களுடைய கணக்கைக் காருக்குப் போட்டுப் பார்த்தால், 30 பவுண்டு காற்றுள்ள மொட்டை டயர் மணிக்குச் சுமார் 91 கிலோமீட்டரில் மிதக்கத் தொடங்கும். காற்று 20 பவுண்டாக இறங்கியிருந்தால் 75 கிலோமீட்டரே போதும். பட்டன் இருந்தும், அதன் ஆழத்தை மீறித் தண்ணீர் நின்றால் இதே கதைதான். காற்றுப் பிடிக்க மறந்த மாதங்கள் சேர்ந்து பதினாறு கிலோமீட்டர் பாதுகாப்பைத் தின்றுவிடலாம்.

மிதக்கும் காரில் ஸ்டியரிங் திடீரென்று இலேசாகும். அந்த நொடியில் பிரேக்கை மிதிப்பதும் ஸ்டியரிங்கை ஒடிப்பதும் வீண். பிடிக்கத் தரை இல்லை. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, ஸ்டியரிங்கை நேராக வைத்துக்கொண்டு, ரப்பர் மறுபடி தரையைத் தொடும்வரை பொறுத்திருப்பது ஒன்றே வழி. கேட்க எளிது. அந்த இரண்டு நொடி கையைச் சும்மா வைத்திருப்பது எவ்வளவு கடினம் என்பது ஒருமுறை அனுபவித்தவருக்குத் தெரியும்.

டயர் வேதியியலும் வளர்ந்தது. கரித்தூள் சேர்த்ததால் ரப்பர் கறுத்தது, உழைப்பு பல மடங்கு கூடியது. ஆனால் ஈரத்தில் பிடிக்கும் ரப்பரைச் செய்தால் பெட்ரோல் அதிகம் செலவாகும். அதைக் குறைத்தால் பிடி போகும். 1990களின் தொடக்கத்தில் மிஷலின் கரித்தூளின் இடத்தில் பெருமளவு சிலிக்காவை வைத்துத்தான் இந்த முடிச்சைத் தளர்த்தியது. பிரேக்கும் மாறியது. அழுத்தி மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ், பாஷ் நிறுவனத்தின் ஆக்கமாக 1978இல் மெர்சிடிஸ் கார்களில் வந்தது. 1995இல், வண்டி சுழலத் தொடங்கும்போதே தனித்தனிச் சக்கரத்தைப் பிரேக் பிடித்து நேராக்கும் மின்னணு ஏற்பாடு வந்தது.

இத்தனையும் கிடைத்த பிறகு நாம் என்ன செய்தோம்? என் ஆதங்கம் இங்கேதான். கிடைத்த பிடிப்பையெல்லாம் வேகமாக மாற்றிச் செலவழித்தோம். 1980களில் ம்யூனிக் நகரில் ஒரு டாக்ஸி நிறுவனத்தின் கார்களில் ஒரு பாதிக்கு ஏபிஎஸ் இருந்தது, மறுபாதிக்கு இல்லை. ஓட்டுநர்களைத் தொடர்ந்து கவனித்தபோது இரு பிரிவின் விபத்துகளிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஏபிஎஸ் உள்ள காரை ஓட்டியவர்கள் இன்னும் முரட்டுத்தனமாக ஓட்டினார்கள். எல்லாக் கருவிக்கும் இதே கதி என்று சொல்ல மாட்டேன். சுழற்சியைத் தடுக்கும் அந்த மின்னணு ஏற்பாடு உண்மையாகவே உயிர்களைக் காத்திருக்கிறது. ஆனாலும் போக்கு அதுதான். 2018இல் மத்திய அரசு விரைவுச் சாலைகளில் கார்களின் உச்ச வேகத்தை 120 கிலோமீட்டராக உயர்த்தியது. எஞ்சின் நுட்பமும் சாலைகளும் மேம்பட்டுவிட்டன என்பது சொல்லப்பட்ட நியாயம். 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிக்கையை ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பை நான் நன்றியோடு நினைக்கிறேன். எஞ்சின் எவ்வளவு மேம்பட்டாலும் தரையைத் தொடுவது அதே நான்கு உள்ளங்கைதான். வேகம் 80இலிருந்து 100 ஆனால், பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் ஒன்றரை மடங்குக்கு மேல் கூடுகிறது.

இந்த வரலாற்றில் நமக்கும் பங்கு உண்டு. 1946இல் சென்னை திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய எம்ஆர்எஃப், 1952இல் பழைய டயருக்குப் புதுப் பட்டன் போடும் ட்ரெட் ரப்பருக்கு வந்தது. அதன் பிறகே டயர். இன்று ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் தேர்வாய் கண்டிகையிலும் டயர் ஆலைகள் நிற்கின்றன. இவ்வளவு டயர் செய்யும் மாநிலத்தின் சாலைகளில் மொட்டை டயரோடு வண்டிகள் ஓடுவதைப் பார்க்கும்போது மனம் வேதனைப்படுகிறது. ஈரப்பிடிப்பின் தரத்தை ஐரோப்பா 2012இலேயே டயரின் மேல் எழுதி ஒட்டச் செய்தது. ஈரப்பிடிப்புக்குக் குறைந்தபட்ச அளவு வேண்டும் என்ற விதி இங்கே 2022இல்தான் வந்தது. புதிதாக விற்கும் டயருக்கு அது சரி. ஓடித் தேய்ந்த டயரை யார் பார்ப்பது? கார் டயரில் 1.6 மில்லிமீட்டர் ஆழமாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்று மோட்டார் வாகன விதி சொல்கிறது. ஆனால் சொந்தக் கார் ஒன்றைப் பதிவு செய்தால் 15 ஆண்டு வரை தகுதிச் சோதனை கிடையாது. நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை டயரைக் காலால் தட்டிப் பார்க்கவாவது ஒரு கட்டாயம் வேண்டும். சாலையும் தன் பங்கைச் செய்ய வேண்டும். நடு உயர்ந்து ஓரம் சரிந்தால்தான் நீர் வடியும். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டுப் போட்டு அந்தச் சரிவையே இழந்த சாலையில் எந்த டயரும் திணறும்.

தம்பிக்கு நான் சொன்ன பதில் இவ்வளவுதான். முன் டயர் பிடி விட்டால் வண்டி திரும்பாமல் நேரே போகும். கைக்குத் தெரிந்துவிடும், காலை எடுத்தால் பெரும்பாலும் பிடி திரும்பும். பின் டயர் பிடி விட்டால் வண்டியின் வால் சுற்றிக்கொண்டு முன்னே வரும். அதைப் பிடித்து நிறுத்தும் கை எனக்கு இல்லை. முன்னாடி இழுக்கும் வண்டியானாலும் நல்ல டயர் பின்னாடி இருப்பதுதான் நமக்குக் காவல்.

கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு புது டயர் இரண்டையும் பின்னால் மாட்டினார். "வார்த்தெடுத்தப்ப பூசின வழவழப்பு இன்னும் மேல இருக்கும், முதல் இருநூறு கிலோமீட்டர் பார்த்துப் போங்க" என்றார். கிளம்பும்முன் முன் டயரின் பள்ளத்தில் கட்டைவிரல் நகத்தை ஊன்றிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"இது ரெண்டையும் ஐப்பசிக்குள்ள மாத்திடுங்க சார்."