ஆவணியில் கல்யாணம்... பீல், லேசர், ஃபேஷியல் எல்லாத்தையும் ஒரே மாசத்தில் முடிக்கலாமா?

ஆடியில் கல்யாண மண்டபங்கள் காத்தாடும். ஸ்கின் கிளினிக்குகளில் அப்படியில்லை. கோவை கணபதி, சத்தி ரோடு வட்டாரத்தில் ஆவணி முகூர்த்தம் குறித்த வீடுகளில் பொண்ணுக்கு மட்டுமல்ல, இப்போ மாப்பிள்ளைக்கும் 'பேக்கேஜ்' பேசுகிறார்கள். கத்தி, தையல் இல்லைதான். ஆனால் எதற்கு அடுத்து எது, நடுவில் எத்தனை நாள் என்பதில்தான் சிக்கலே.

ஏன் இடைவெளி?

தோலின் மேலடுக்கு புதுப்பித்துக்கொள்ள ஏறக்குறைய 4 வாரம் ஆகும். கெமிக்கல் பீல் அந்த அடுக்கை உரிக்கிறது. லேசர் சூட்டை உள்ளே இறக்குகிறது. ஒன்று ஆறுவதற்குள் இன்னொன்றைச் செய்தால் தோல் புண்ணாகும். நம்மூர் மாநிறத் தோலில் புண்ணான இடம் கறுத்துப்போகும். அது மறைய பல மாதம் பிடிக்கும். முகூர்த்தம் அதுவரை காத்திருக்காது.

அதனால்தான் மேலோட்டமான பீல்களுக்கு நடுவே 2 முதல் 4 வாரம், முகத்தில் முடி குறைக்கும் லேசருக்கு 4 முதல் 6 வாரம் இடைவெளி விடுகிறார்கள். லேசர் 4 சிட்டிங் என்றால், ஆவணிக் கல்யாணத்துக்கு சித்திரையிலேயே தொடங்கியிருக்க வேண்டும்.

பார்லருக்குத் தெரியாது, கிளினிக்குக்கும் தெரியாது

பலர் கோட்டைவிடுவது இங்கேதான். லேசர் வேலை செய்ய முடியின் வேர் உள்ளே இருக்கணும். முந்தின வாரம் த்ரெட்டிங், வேக்ஸிங் செய்திருந்தால் வேரே இருக்காது, கொடுத்த காசு வீண். ஷேவ் செய்தால் பரவாயில்லை. பீல் செய்த வாரமே பார்லரில் பிளீச் போட்டால் எரிச்சல் நிச்சயம். இரண்டு இடத்திலும் நடந்தது வாடிக்கையாளருக்கு மட்டும்தான் தெரியும். அவர்தான் சொல்லணும்.

போடாக்ஸ் முழுப் பலன் தர 2 வாரம் ஆகும், 3-4 மாதம் நிற்கும். ஊசி போட்ட அன்றே ஃபேஷியல் மசாஜ் கூடாது.

பரு மாத்திரை சாப்பிடுபவர்கள்?

ஐசோட்ரெட்டினாயின் எடுப்பவர்கள் 6 மாதம் எதையும் தொடக்கூடாது என்பது பழைய விதி. மேலோட்டமான பீல், முடி குறைக்கும் லேசருக்கு அவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை என 2017ல் வந்த நிபுணர் பரிந்துரைகள் தளர்த்தின. ஆழமாகச் சுரண்டும் சிகிச்சைகளுக்கு இது பொருந்தாது.

கல்யாணப் பொண்ணுங்க கவனிக்க வேண்டியது வேறொன்று. இந்த மாத்திரை கருவைக் கடுமையாகப் பாதிக்கும். நிறுத்திய பிறகும் குறைந்தது 1 மாதம் கர்ப்பம் தவிர்க்க வேண்டும். பேக்கேஜ் பேசும்போதே டாக்டரிடம் இதையும் பேசிவிடணும்.