ஸ்டேப்ளருக்கு அடியில ஒரு பட்டன் இருக்கே, அது எதுக்கு?

உங்க ஆபீஸ் டேபிள்ல இருக்கிற ஸ்டேப்ளரைக் கொஞ்சம் தலைகீழா திருப்பிப் பாருங்க. பென்சில் பாக்ஸில் வைக்கிற குட்டி நம்பர் 10 இல்லை. 24/6 பின் போடுற பெரிய ஸ்டேப்ளர். பல மாடல்களில் அடிப்பகுதியின் முனையில், விரல் நுனி அளவுக்கு ஒரு பட்டன் இருக்கும். பல வருஷம் அதே ஸ்டேப்ளரை அமுக்கினவங்களில்கூட நிறைய பேர் அந்தப் பட்டனைத் தொட்டதே இல்லை.

அது ஒரு மோட் ஸ்விட்ச். நம்ம பத்திரம், சான்றிதழ் எல்லாத்தோட மூலையையும் கிழியாம காப்பாத்தக்கூடிய ஸ்விட்ச். அதைப் போய் யார் கண்ணுக்கும் படாத இடத்துல வெச்சிருக்காங்க. பிரச்னையே அங்கதான் ஆரம்பிக்குது.

உள்ளே என்ன நடக்குது?

ஸ்டேப்ளர் பின்கள் பசையால ஒட்டின வரிசையா வரும். உள்ளே இருக்கிற ஒரு ஸ்பிரிங் அந்த வரிசையை முன்பக்கம் தள்ளிக்கிட்டே இருக்கும். நீங்க அமுக்கும்போது ஒரே ஒரு பின் கனமுள்ள தகடு இறங்கி, முதல் பின்னை மட்டும் வரிசையிலிருந்து பிரிச்சு தாளுக்குள்ள இறக்கும். 24/6-ல் 24 என்பது கம்பியின் கனத்தைச் சொல்லும் எண். 6 என்பது பின்னோட கால் நீளம், மில்லிமீட்டரில்.

தாளைத் துளைச்ச கால்கள் கீழே ஒரு குட்டி இரும்புத் தட்டில் போய் மோதும். அதில் இருக்கிற பள்ளத்தோட வளைவுதான் கால் எந்தப் பக்கம் மடங்கணும்னு முடிவு செய்யுது. அந்தத் தட்டில் ரெண்டு ஜோடிப் பள்ளங்கள் இருக்கும். ஒண்ணு கால்களை உள்பக்கமா மடக்கும். இது நமக்குப் பழக்கமான ஸ்டேப்ளிங். இன்னொண்ணு வெளிப்பக்கமா விரிக்கும். இதுக்குப் பேர் பின்னிங்.

கீழே இருக்கிற பட்டனை அமுக்கினா தட்டு மேலே எழும்பும். அரைச் சுற்று திருப்பி விட்டா, ஸ்பிரிங் அதைத் திரும்ப உள்ளே இழுத்துக்கும். அவ்வளவுதான், மோட் மாறியாச்சு. மூணாவதா ஒரு மோடும் உண்டு: அடிப்பகுதியை முழுசா பின்னாடி விரிச்சா, நோட்டீஸ் போர்டுல நேரா பின் அடிக்கலாம்.

வெளிப்பக்கம் மடங்கினா என்ன லாபம்?

முன்னாடி ஆபீஸ்ல தாள்களைக் குண்டூசி குத்தி வைப்பாங்க இல்லையா, பின்னிங் செய்யிறது அதே வேலைதான். கால்கள் கிட்டத்தட்ட நேரா படுத்திருக்கும். பின்னோட முதுகைப் பிடிச்சு மெல்ல இழுத்தா வந்துடும். ரிமூவர் வேண்டாம், தாளும் கிழியாது.

குறை இல்லாம இல்லை. பிடி கம்மி, நாலஞ்சு தாளுக்குத்தான் சரிவரும். நீட்டிக்கிட்டிருக்கிற கால் விரலையும் குத்தலாம். அதனாலதான் இது 'தற்காலிக' மோட். நம்ம பேப்பர் வேலையில் பெரும்பகுதி தற்காலிகம்தானே?

தென்காசிக்கு இது ஏன் முக்கியம்?

தென்காசியில் ஒருத்தர் வாரிசு சான்றிதழுக்கு விண்ணப்பிக்கிறார்னு வெச்சுக்கோங்க. இறப்புச் சான்றிதழ், ஆதார், ரேஷன் கார்டு நகல்னு ஒரு கட்டு. ஜெராக்ஸ் கடையில் ஒரு பின். இ-சேவை மையத்தில் ஸ்கேன் பண்ணணும்னு அதைப் பிடுங்கி, முடிஞ்சதும் இன்னொரு பின். வி.ஏ.ஓ. விசாரணைக்குக் கொண்டு போனா மறுபடி பிரிச்சு, மறுபடி பின். ஒரே மூலையில் இத்தனை துளை விழுந்தா தாள் எப்படித் தாங்கும்?

கூடவே நம்ம ஊர் ஈரம். தென்மேற்குப் பருவமழையில் ஜூன் தொடங்கினா குற்றாலத்தில் சீசன். செங்கோட்டைக் கணவாய் வழியா வர்ற காற்றும் சாரலும் தென்காசி வரைக்கும் குளிர்ச்சி. மனுஷனுக்கு அது சுகம், பீரோவில் கிடக்கிற இரும்புக் கம்பிக்கு இல்லை. பின்னுக்கு மேல துத்தநாகப் பூச்சு இருந்தாலும், கம்பியை வெட்டின நுனியில் அது இருக்காது. துரு அங்கிருந்து தொடங்கி, தாளில் பழுப்புக் கறையா இறங்கி, அந்த இடத்தையே நொறுங்க வைக்கும். பின்னிங்கில் அடிச்ச பின்னும் துருப்பிடிக்கும். ஆனா அதை வீட்டுக்கு வந்ததும் விரலாலேயே எடுத்துடலாம். உள்ளே மடங்கின பின்னை, 'அப்புறம் பார்த்துக்கலாம்'னு அப்படியே விட்டுடுறோம்.

யார் மேல தப்பு?

பயன்படுத்துறவங்க மேல இல்லைன்னுதான் நான் சொல்வேன். 'ஒரு பொருளை எப்படிப் பயன்படுத்தணும்னு அந்தப் பொருளே சொல்லணும்' என்பது டிசைன் அறிஞர் டான் நார்மன் 1988-ல் வெளியிட்ட புத்தகத்தின் மையமான வாதம். பழைய ஐபோன்களில் பக்கவாட்டில் இருந்த சைலன்ட் ஸ்விட்சை நினைச்சுப் பாருங்க. தள்ளினா ஆரஞ்சு நிறம் தெரியும், எந்த மோட்ல இருக்கோம்னு சந்தேகமே வராது. ஸ்டேப்ளரில் பட்டன் அடியில் ஒளிஞ்சிருக்கு. தட்டில் எந்தப் பக்கம் எதுக்குன்னும் பெரும்பாலும் எழுதியிருக்காது. தெரியாம தட்டைத் திருப்பினவர், பின் விரிஞ்சு வர்றதைப் பார்த்து 'ஸ்டேப்ளர் ரிப்பேர்'னு தூக்கிப் போடவும் வாய்ப்பிருக்கு. நல்ல இயந்திரம், மோசமான அறிமுகம்.

லூதியானாவின் கங்காரோ மாதிரி, நாடு முழுக்க ஸ்டேப்ளர் விற்கிற கம்பெனிகளுக்கு இது பெரிய செலவே இல்லை. தட்டுக்குப் பக்கத்தில் உள்ளே மடங்கின பின், வெளியே விரிஞ்ச பின்னு ரெண்டு குட்டிப் படம் அச்சடிச்சா போதும். எந்த மொழிக்காரருக்கும் புரியும்.

அடுத்தது ஆபீஸ் பழக்கம். இதுக்கு நம்ம நாட்டிலேயே முன்னுதாரணம் இருக்கு. ரூபாய் நோட்டுக் கட்டுகளில் வங்கிகள் பின் அடிக்கக் கூடாது, பேப்பர் பட்டைதான் சுற்றணும்னு ரிசர்வ் வங்கி 2001 நவம்பரில் உத்தரவு போட்டுச்சு. துளை விழுந்த நோட்டு சீக்கிரம் கிழியும் என்பதுதான் காரணம். பத்து ரூபாய் நோட்டுக்குக் காட்டின அக்கறையை, ஒரு குடும்பத்தோட கிரையப் பத்திரத்துக்குக் காட்ட வேண்டாமா?

இ-சேவை மையத்திலும் தாலுகா ஆபீஸிலும் மூணு வரி எழுதி ஒட்டினா போதும். ஒரிஜினலுக்குப் பின்னே வேண்டாம், கிளிப் போதும். திரும்பப் பிரிக்கப் போற நகலுக்குப் பின்னிங். கடைசியா ஃபைலில் போறதுக்கு மட்டும் ஸ்டேப்ளிங்.

உத்தரவு வரும்போது வரட்டும். அடுத்த தடவை ஜெராக்ஸ் கடையில் அண்ணன் ஸ்டேப்ளரை எடுக்கும்போது, 'அண்ணே, ஒரிஜினல்ல மட்டும் பின் அடிக்காதீங்க'ன்னு சொல்லிப் பாருங்க. நகலுக்கு அடிக்கிறதுக்கு முன்னாடி, அந்தப் பட்டனையும் காட்டுங்க.