சூனியத்தின் குட்டை உடைத்த புத்தகமும் அதற்குள் புகுந்த பேயும்

மேல்நாட்டான் இயற்கையிலேயே புத்திசாலி, ஆதலால் அவன் நாட்டில் மூட நம்பிக்கை தானாகவே ஒழிந்து போயிற்று என்று நம்மவரில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். இது சுத்தத் தவறு. அங்கும் பேய் இருந்தது, சூனியம் இருந்தது. அவைகளைக் காப்பாற்றச் சட்டமும், பாதிரியும், அரசனும் இருந்தார்கள். துணிந்து எதிர்த்து அச்சில் போட்ட ஒருவனும் இருந்தான் என்பதே விசேஷம்.

இங்கிலாந்தில் 1563-ம் வருஷத்தில், சூனியத்தால் ஓர் உயிரைக் கொன்றதாக ருசுவானால் தூக்கு என்று சட்டம் செய்தார்கள். சூனியத்தை எப்படி ருசுப்பிப்பது? அண்டை வீட்டார் வாய்தான் சாக்ஷி! 1582-ல் எஸெக்ஸ் ஜில்லா செயின்ட் ஓசித் என்னும் ஊரில், நோயாளிகளுக்குக் கைவைத்தியம் செய்துவந்த உர்சுலா கெம்ப் என்ற ஸ்திரீயைத் தூக்கிலிட்டார்கள். அவளுக்கு விரோதமாகச் சாக்ஷி சொல்ல வைக்கப்பட்டவர்களில் அவள் பெற்ற எட்டு வயதுப் பிள்ளையும் ஒருவன். இதற்குப் பெயர் நியாய ஸ்தலம்!

இதற்கு இரண்டு வருஷங்களுக்குப் பின், 1584-ல், கெண்ட் ஜில்லாவைச் சேர்ந்த ரெஜினால்ட் ஸ்காட் என்பவர் சூனியத்தின் குட்டை வெளிப்படுத்தி ஒரு பெரிய புத்தகம் அச்சிட்டார். இவர் பாதிரியல்ல, பட்டம் பெற்ற பண்டிதருமல்ல. பத்து வருஷங்களுக்கு முன் இவர் எழுதியது ஹாப் கொடி பயிரிடும் முறையைப் பற்றிய புத்தகம்.

அவர் கேட்டது சாதாரணக் கேள்விதான். சூனியக்காரி என்று பிடிபடுகிறவர்கள் யார்? கிழவி, ஏழை, நொண்டி, நாதியற்றவள். வீடு வீடாய்ப் போய்க் கொஞ்சம் பாலோ கஞ்சியோ கேட்கிறாள். இல்லையென்று விரட்டினால் வாயில் வந்தபடி திட்டிவிட்டுப் போகிறாள். பிறகு என்றோ அந்த வீட்டு மாடு சாகிறது. உடனே பழி அவள்மேல்! உலகத்தையே ஆட்டிவைக்கும் சக்தியுள்ளவள் ஏன் கஞ்சிக்கு அலைகிறாள்?

வேதத்தில் சூனியக்காரியைக் கொல்லச் சொல்லியிருக்கிறதே என்றவர்களுக்கு, அந்த எபிரேயச் சொல்லுக்கு விஷம் வைக்கிறவள் என்றே பொருள் என்று பதில் சொன்னார். அத்தோடு விடாமல், செப்பிடு வித்தைக்காரன் நாக்கில் ஊசி குத்துவதும், தலையை வெட்டித் தட்டில் வைத்ததுபோல் காட்டுவதும் எப்படி என்று, சூழ்ச்சிக் கத்தியின் படம் போட்டே காட்டிவிட்டார்.

இத்தனைக்கும் ஸ்காட் நாஸ்திகரல்ல, கடவுளிடத்தில் பக்தியுள்ளவரே. அப்படியிருந்தும் பொறுத்தார்களா? ஸ்காட்லாந்து அரசன் ஜேம்ஸ் 1597-ல் பேய்களைப் பற்றித் தானே ஒரு புத்தகம் எழுதி, முகவுரையில் ஸ்காட்டைப் பெயர் சொல்லியே கண்டித்தான். 1603-ல் அவனே இங்கிலாந்துக்கும் அரசனானான். 1604-ல் சூனியச் சட்டம் இன்னும் கடுமையாயிற்று. புத்தகத்துக்குப் புத்தகம் சரிதான். ஆனால் ஒருவன் கையில் பேனாதான் இருந்தது. மற்றவன் கையில் தூக்குக்கயிறும் இருந்தது.

நிற்க. இதைவிடப் பெரிய அக்கிரமம் ஒன்றுண்டு. ஸ்காட் 1599-ல் இறந்தார். 66 வருஷங்கள் கழித்து, 1665-ல் வந்த பதிப்பில், யாரோ பெயர் சொல்லாத ஆசாமிகள் ஆவிகளை அழைப்பது எப்படி என்று புது அத்தியாயங்களை நுழைத்து விட்டார்கள்! பேயை விரட்ட எழுதிய புத்தகத்திலேயே பேயைக் குடியேற்றினார்கள். எதிர்த்து ஒழிக்க முடியாததை உள்ளே புகுந்து கெடுப்பது புரோகிதக் கூட்டத்தின் பழைய வித்தையாகும். ஒரு பகுத்தறிவாளன் செத்தபின் அவனுக்கே மாலை போட்டு மந்திரம் சொல்லும் கூட்டம் எந்த நாட்டிலும் உண்டு.

சூனியக் குற்றத்தை ஒழித்த சட்டம் இங்கிலாந்தில் அமலுக்கு வந்தது 1736-ல். அதாவது ஸ்காட் எழுதி 152 வருஷங்களுக்குப் பிறகு! அதற்குள் எத்தனை கிழவிகளின் கழுத்து முறிந்தது?

இதை அந்நிய நாட்டுக் கதையென்று தள்ளிவிட வேண்டாம். பெண்களைச் சூனியக்காரியென்று பட்டங்கட்டிக் கொடுமை செய்வதைத் தடுக்க 1999-ல் பீகாரிலும், 2001-ல் ஜார்க்கண்டிலும் சட்டம் செய்யவேண்டி வந்தது. அங்கே அகப்பட்டுக்கொண்டவர்களும் பெரும்பாலும் ஏழைப் பெண்களே, பணக்காரச் சீமாட்டிகளல்ல.

ஆகவே தோழர்களே, உண்மை ஒரு தரம் அச்சேறிவிட்டால் போதும் என்று சும்மா இருந்துவிடாதீர்கள். அதைப் படிக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். எதிரி அதற்குள் எதை நுழைக்கிறான் என்று கவனிக்கவும் வேண்டும். இல்லையேல் நமது புத்தகங்களுக்குள்ளும் நாளைக்குப் பேய் குடியேறும்.