'போன்யோ'வைக் கடைசியில் வைப்போருக்கு

ஸ்டுடியோ ஜிப்லி படங்களைத் தரவரிசைப்படுத்துவோரின் வாதம் இது: 'ஸ்பிரிட்டட் அவே' ஆஸ்கர் வென்றது, எனவே முதலிடம், 'போன்யோ' குழந்தைப் படம், எனவே கடைசி இடம்.

முதலில் ஆஸ்கர். முழுநீள அனிமேஷனுக்கு அந்த விருதே 2002இல்தான் தொடங்கியது. 1988இல் வந்த ஜிப்லியின் 'டோட்டோரோ' அன்று இல்லாத போட்டியில் எப்படி வெல்லும்?

அடுத்து, குழந்தைப் படமாம். இயக்குநர் மியாசாகியின் 'போன்யோ'வுக்காக (2008) சுமார் 1,70,000 ஓவியங்களைக் கையால் வரைந்தார்கள். கடலோரச் சாலையில் ஒரு தாய் மகனோடு காரில் விரைய, அலைகள் பெரும் மீன்களாகித் துரத்துகின்றன. ஊர் மூழ்குகிறது. 2004 டிசம்பர் 26 அன்று காரைக்காலின் கிளிஞ்சல்மேட்டிலும் பட்டினச்சேரியிலும் ஆழிப்பேரலை புகுந்தது. அந்தக் கரையில் வளர்ந்தவர் இந்தக் காட்சியைச் சிறுபிள்ளை விளையாட்டு என்பாரா?

நாயகனுக்கு ஐந்து வயது என்பது குறையென்றால், 'டோட்டோரோ'வின் சிறுமி மெய்க்கு நான்குதான். அந்தப் படத்தை மட்டும் ஏன் மேலே வைக்கிறார்கள்?